'திருந்தி விட்டான்' என்று அழைத்து வந்தார்கள்... அதன் பிறகு?

போதை ஊசி, மாத்திரை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் தேறுகிறார்கள்?
முதல் 2 வாரம்தான் கண்டம்! குடும்பத்தார் தெரிந்து கொள்ள வேண்டிய விவரங்கள்

கடலூர்:-

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் பஸ்சுக்குக் காத்து நிற்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"போதைக்கு அடிமையானவன் திருந்துவானா?"

பெரும்பாலும் இரண்டே பதில்தான் கிடைக்கும்.

ஒன்று:- "அவனாவது, திருந்தறதாவது!"

இன்னொன்று:- "ஒரு மாசம் ஆஸ்பத்திரியில போட்டா எல்லாம் சரியாயிடும்."

இரண்டுமே தப்பு! முதல் பதிலை நம்பினால் பிள்ளையைக் கை கழுவி விடுவோம். இரண்டாவதை நம்பினால் பிள்ளை வீடு வந்த மறுநாளே கண்ணை மூடிக் கொள்வோம். இரண்டிலும் உயிர்தான் போகும்.

வாலிபர்கள் போதை மாத்திரையுடன் பிடிபட்டார்கள் என்ற செய்தியைத் தினமும் படிக்கிறோம். கைதானவர் யார், எத்தனை மாத்திரை, எந்த ஊர் என்று எல்லாம் வந்து விடுகிறது. ஆனால் சிகிச்சைக்குப் போனவர் பிறகு என்ன ஆனார் என்று யாரும் எழுதுவதில்லை. அந்த விவரம் வருமாறு:-

2 வகை சரக்கு

போதையில் பல ரகம் உண்டு. இங்கே நாம் பார்ப்பது 2 ரகம்.

முதல் ரகம் அபின் குடும்பம். அபின், மார்பின், பிரவுன் சுகர், ஹெராயின் எல்லாம் இதில் சேர்த்தி. டிரமடால், டேபென்டடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகளும் இதே குடும்பம்தான். தமிழகத்தின் பல மாவட்டங்களில் வாலிபர்கள் இந்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஊசியாகப் போட்டுக் கொள்வது போலீசாருக்குப் பெரிய தலைவலியாக இருக்கிறது. டிரமடாலை 2018-ம் ஆண்டில் மத்திய அரசு போதைப் பொருள் தடைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது.

வாயில் போட்டு விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை அது. அதில் மாவு, பசை எல்லாம் கலந்திருக்கும். அதை நரம்பில் ஏற்றினால் ரத்தக் குழாய் அடைத்து, கை கால் புண்ணாகி விடும். ஒரே ஊசியை 4 பேர் மாற்றி மாற்றிப் போட்டால் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்து வரும்.

இரண்டாவது ரகம் தூக்கத்தைக் கெடுத்து உடம்பை முறுக்கி விடும் சரக்கு. கொக்கேன், மெத்தபெட்டமைன் இந்த ரகம். இதைப் போட்டவர் 2 நாள், 3 நாள் தூங்காமல் சுற்றுவார். பிறகு அடித்துப் போட்ட மாதிரி விழுவார்.

2019-ல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் எடுத்த கணக்கு வெளியானது. நாட்டில் 100-க்கு 2 பேர் அபின் வகை சரக்கைத் தொட்டவர்கள். ஹெராயின் மட்டும் 100-க்கு 1 பேருக்குச் சற்று மேல். வலி மாத்திரை வகை ஏறத்தாழ 100-க்கு 1. மெத்தபெட்டமைன் வகை ஆயிரத்துக்கு 2 பேருக்கும் குறைவு.

தடை செய்யப்பட்ட போதைக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவர்தான் ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றும் அதே கணக்கு சொல்கிறது. மீதி 19 பேர் வீட்டிலும், தெருவிலும், ஜெயிலிலும்தான்!

வலி 10 நாள். ஆசை பல மாதம்

ஹெராயின் பழக்கம் உள்ளவர் அதை நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே வேதனை தொடங்கும். மூக்கு ஒழுகும். கண் கலங்கும். எலும்பு எலும்பாக வலிக்கும். வாந்தி, பேதி, குளிர். 2-வது, 3-வது நாள் உச்சம். ஒரு வாரம், 10 நாளில் அடங்கி விடும்.

இதைத்தான் பல குடும்பங்கள் 'சிகிச்சை' என்று நினைக்கின்றன. 10 நாள் கழித்துப் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான். முகம் தெளிகிறது. "குணமாயிட்டான்" என்று அம்மா கண்ணீர் விடுகிறார்.

உடம்பில் இருந்த விஷம் இறங்கி விட்டது, அவ்வளவுதான். மூளையில் பதிந்த ஆசை அப்படியே இருக்கிறது. பழைய நண்பனைப் பார்த்தால், பழைய சந்துக்குள் நுழைந்தால், கையில் ரூ.500 வந்தால், அந்த ஆசை எழுந்து நிற்கும்.

மெத்தபெட்டமைன் விட்டவருக்கு உடம்பு வலி அதிகம் இருக்காது. ஆனால் மனசு பாதாளத்தில் விழும். நாள் கணக்கில் தூக்கம், எதிலும் பிடிப்பு இல்லாமை, எரிச்சல், 'செத்துப் போகலாம்' என்ற நினைப்பு. இந்த நேரத்தில் தனியாக விடக் கூடாது. மூளையில் குறைந்து போன சில பொருட்கள் ஓராண்டுக்கு மேல் தொடாமல் இருந்தால் நல்ல அளவு திரும்புகின்றன என்று 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆக, காலம் தேவை.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். எத்தனை பேர் தேறுகிறார்கள்?

2000-ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் 4 நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாராயம் உட்பட எல்லா போதைக்கும் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய ஆய்வுகளை அலசி எழுதியது அது.

சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் முழுக்கத் தொடாமல் இருந்தவர்கள் 100-க்கு 40 முதல் 60 பேர். இன்னும் 15 முதல் 30 பேர் இடையில் தொட்டிருந்தாலும் பழைய அடிமை நிலைக்குப் போகவில்லை.

"அப்படியானால் மீதிப் பேர் விழுந்து விட்டார்களே, சிகிச்சை வீண்தானே?" என்று கேட்கலாம்.

அந்த நிபுணர்கள் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளில் 100-க்கு 50 முதல் 70 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் நோய் மறுபடி முற்றி டாக்டரிடம் ஓட வேண்டி வருகிறது. இன்சுலின் போட்டுக் கொள்ளும் சர்க்கரை நோயாளிகளில் 30 முதல் 50 பேர்.

பி.பி. மாத்திரையை நிறுத்தி மயங்கி விழுந்தவரை "நீ திருந்தவே மாட்டே" என்று யாரும் விரட்டுவதில்லை. மறுபடி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். போதைக்கு மட்டும் வேறு சட்டம் வைத்திருக்கிறோம்!

அபின் வகைக்கு நிலைமை மோசம்

மேலே சொன்னது எல்லா போதையும் சேர்ந்த கணக்கு. ஹெராயின் வகைக்கு, விஷத்தை இறக்கி அனுப்பி விட்டு மருந்து எதுவும் தொடராமல் போனால் நிலைமை படு மோசம்.

அயர்லாந்து நாட்டில் ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை முடித்த 109 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். 2010-ல் முடிவு வெளியானது. 99 பேர் மறுபடி தொட்டு விட்டார்கள். அதில் 64 பேர் ஆஸ்பத்திரியை விட்டு வந்த முதல் வாரத்துக்குள்ளேயே!

கலிபோர்னியாவில் 1962 முதல் 1964 வரை சிகிச்சையில் சேர்க்கப்பட்ட 581 ஹெராயின் அடிமைகளை 33 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 1997-க்குள் 284 பேர் இறந்து போயிருந்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர்!

மறுபடி தொடுவது அவமானம் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பழைய அளவே எமன்!

தினமும் ஊசி போடுகிறவரின் உடம்பு அந்த அளவுக்குப் பழகி விடும். புதிதாகப் போடுகிறவரைக் கொன்று விடும் அளவு, அவருக்கு ஒன்றும் செய்யாது.

இரண்டு வாரம், ஒரு மாதம் நிறுத்தினால் அந்தப் பழக்கம் போய் விடும். உடம்பு மறுபடி புதுசு. ஆனால் கை பழைய அளவைத்தான் எடுக்கும். "எப்பவும் போடறதுதானே!" என்று ஏற்றுவார். மூச்சு மெல்ல மெல்ல நின்று விடும்.

இங்கிலாந்தில் சிகிச்சை பெற்று வெளியே போன 137 பேரைப் பற்றி 2003-ல் ஒரு ஆய்வு வந்தது. ஓராண்டுக்குள் அளவு மீறிப் போட்டு இறந்தவர்கள் 3 பேர். அந்த 3 பேருமே சிகிச்சையை ஒழுங்காக முடித்து 'சுத்தமாக' வெளியே வந்தவர்கள்! சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியவர்களில் அப்படி யாரும் இறக்கவில்லை. ஓடியவர்களின் உடம்பு பழைய அளவுக்குப் பழகியே இருந்தது. முடித்தவர்களின் உடம்பு மறந்து விட்டது.

ஜெயிலுக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30 ஆயிரம் கைதிகளைப் பற்றிய ஆய்வு 2007-ல் வந்தது. வெளியே வந்த முதல் 2 வாரத்தில் போதை அளவு மீறி இறக்கும் ஆபத்து சாதாரண மக்களைவிட 129 மடங்கு!

நம் ஊர் கேப்பர் மலையில் மத்திய ஜெயில் இருக்கிறது. வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் பெற்றோர் இந்த எண்ணை மனதில் வைத்துக் கொள்வது நல்லது. மாலையும் பிரியாணியும் பிறகு ஆகட்டும். முதல் 2 வாரம் கூடவே இருங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

20 பேர், 20 பேர்

சரி, இதற்கு வழிதான் என்ன? சுவீடன் நாட்டில் நடந்த ஒரு சோதனை எல்லார் கண்ணையும் திறந்தது.

ஹெராயினுக்கு அடிமையான 40 பேரை எடுத்துக் கொண்டார்கள். இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் வாரம் தவறாமல் ஆலோசனை. அதில் வித்தியாசம் இல்லை.

20 பேருக்கு புப்ரினார்பின் என்ற மாத்திரையை ஒரு வருஷம் தினமும் கொடுத்தார்கள். மற்ற 20 பேருக்கு அதே மாத்திரையை 6 நாள் மட்டும் குறைத்துக் கொடுத்து நிறுத்தி விட்டு, பிறகு சத்தில்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள்.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், மாத்திரை தொடர்ந்த 20 பேரில் 15 பேர் சிகிச்சையில் நிலைத்து நின்றார்கள். நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் கூட இல்லை. பூஜ்யம்! அதைவிடக் கொடுமை, அவர்களில் 4 பேர் இறந்தே போனார்கள். மாத்திரை தொடர்ந்தவர்களில் ஒரு சாவும் இல்லை. இந்த முடிவு 2003-ல் வெளியானது.

மெத்தடோன் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. 1965-ல் நியூயார்க்கில் 2 டாக்டர்கள் இதைத் தொடங்கி வைத்தார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் வந்த கணக்குப்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 11 பேர் இறக்கிறார்கள். அதை விட்டு விட்டால் 36 பேர். மூன்று மடங்கு!

'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?'

இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். "சாராயத்தை நிறுத்தி கள்ளு கொடுக்கிற மாதிரி இருக்கே!" என்பார்கள்.

நியாயமான சந்தேகம்தான். ஆனால் விஷயம் வேறு.

ஹெராயின் ஊசி போட்டால் சில வினாடியில் மேலே தூக்கும். சில மணி நேரத்தில் கீழே போடும். அந்த ஏற்ற இறக்கம்தான் மனிதனைத் திருட வைக்கிறது, தாலியை அடகு வைக்கத் தூண்டுகிறது. புப்ரினார்பின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். மெல்ல ஏறி நீண்ட நேரம் நிற்கும். ஒரு அளவுக்கு மேல் அதன் வேகம் ஏறாது. ஆசை அடங்கும், வேதனை வராது, வேலைக்குப் போகலாம், பஸ்சில் நின்று ஊருக்குப் போகலாம்.

கண்ணாடி போட்டால்தான் பார்வை தெரிகிறது என்றால் கண்ணாடிக்கு அடிமை என்றா சொல்வோம்?

ஆனால் ஒன்று. இது மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் மருந்து இல்லை. அதிகாரம் பெற்ற மையத்தில், டாக்டர் மேற்பார்வையில் கொடுப்பது. அதையும் ஊசியாக்கிப் போட்டுக் கெட்டவர்கள் உண்டு. அதனால்தான் ஊழியர் கண் முன்னே மாத்திரை கரைய வேண்டும் என்ற கட்டுப்பாடு. எப்போது நிறுத்துவது என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். "ஆறு மாசம் ஆச்சே, போதும்" என்று மாமாவும் சித்தப்பாவும் முடிவு செய்யக் கூடாது.

தூக்கம் கெடுக்கும் சரக்குக்கு?

மெத்தபெட்டமைன், கொக்கேனுக்கு இப்படி ஒரு மருந்து இன்னும் வரவில்லை. அங்கே பலன் தந்தது வேடிக்கையான ஒரு முறை. பரிசு!

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கொக்கேன் அடிமைகள் 40 பேரை வைத்துச் செய்தார்கள். வாரத்தில் பல முறை சிறுநீர் சோதனை. போதை இல்லை என்று தெரிந்தால் உடனே ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்குப் பொருள் வாங்கிக் கொள்ளலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் சீட்டின் மதிப்பு ஏறும். ஒரு முறை தவறினால் மறுபடி ஆரம்பத்துக்கு வரும்.

1994-ல் வந்த முடிவு:- சீட்டு வாங்கியவர்களில் 100-க்கு 75 பேர் 24 வாரச் சிகிச்சையை முழுசாக முடித்தார்கள். சீட்டு இல்லாதவர்களில் 40 பேர்தான்.

ஆயிரம் புத்திமதியைவிட, இன்றைக்குச் செய்த நல்லதுக்கு இன்றைக்கே கிடைக்கும் சின்ன மரியாதைக்கு வலு அதிகம் என்று இதிலிருந்து தெரிகிறது. வீட்டிலும் இதைச் செய்யலாம். கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். பிடித்த சாப்பாடு, செருப்பு, சட்டை, பாராட்டு ஒரு வார்த்தை. அது போதும்.

சிப்பாய்கள் சொன்ன பாடம்

1971-ல் அமெரிக்க அரசு நடுங்கியது. வியட்நாம் போரில் இருந்த சிப்பாய்களில் 5 பேரில் ஒருவர் ஹெராயின் வகைக்கு அடிமை! இவர்கள் ஊருக்கு வந்தால் என்ன ஆகும்?

லீ ராபின்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அவர்களைப் பின்தொடர்ந்தார். யாரும் எதிர்பாராத முடிவு வந்தது. அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருஷம் ஊரில் மறுபடி அடிமையானவர்கள் 100-க்கு 5 பேர்தான். 3 வருஷத்தில் 12 பேர்.

காரணம்? போர்க்களம் போய் விட்டது. சரக்கு விற்றவன் போய் விட்டான். கூட உட்கார்ந்து இழுத்தவன் போய் விட்டான். இங்கே அம்மா, மனைவி, வேலை.

நம் பிள்ளை நிலைமை தலைகீழ். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் நல்ல இடம். திரும்பி வருவதோ அதே தெரு, அதே முக்கு, அதே கூட்டாளி. அதனால்தான் சிகிச்சை முடிந்ததும் வேறு ஊரில் உறவினர் வீட்டில் சில மாதம் தங்க வைப்பது, செல்போன் நம்பரை மாற்றுவது, புது வேலை தேடிக் கொடுப்பது எல்லாம் மருந்துக்குச் சமம்.

ஒரு மனைவி தொடங்கிய ஆஸ்பத்திரி

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சை எப்படி வந்தது என்பது ஒரு சோகக் கதை.

மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன். பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். குடிப்பழக்கத்தால் 1979-ல் 33 வயதில் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அடுத்த ஆண்டே, 1980-ல் சென்னையில் கணவர் பெயரில் ஒரு சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். பிறகு அது இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

குடிக்காகத் தொடங்கிய அந்த இடத்தில் பிறகு ஹெராயின் அடிமைகளும் சிகிச்சை பெற்றார்கள். அங்கே ஆரம்பம் முதல் ஒரு கொள்கை. நோயாளிக்கு மட்டும் சிகிச்சை இல்லை, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். மனைவியும் பெற்றோரும் வந்து உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து வந்து போக வேண்டும். தஞ்சை டெல்டாவில் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, ஊர்க்காரர்களையே துணைக்குச் சேர்த்துக் கொண்டார்கள்.

பணக்கார வீடோ குடிசையோ, ஆஸ்பத்திரி வாசலோடு வேலை முடியவில்லை என்று 1980-களிலேயே புரிந்து கொண்டவர்கள் அவர்கள்.

சங்கிலி வேண்டாம்!

சில பேர் பையனைக் கட்டிப் போட்டுத் திருத்துகிறார்கள். சில தனியார் மையங்களில் அடிப்பதாகவும் புகார்கள் வருகின்றன.

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் நடந்தது நினைவிருக்கும். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் பலி.

2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தில் போதை அடிமைத்தனமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மையம் நடத்த அரசிடம் பதிவு செய்ய வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பு 4 கேள்வி கேளுங்கள்:- பதிவுச் சான்று எங்கே? மனநல டாக்டர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறார்? குடும்பத்தார் வந்து பார்க்கலாமா? வெளியே போன பிறகு எத்தனை மாதம் கவனிப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத இடம் என்றால் எழுந்து வந்து விடுங்கள்.

'போலீஸ் பிடிக்குமே' என்ற பயம்

ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகி விடும் என்று பயந்தே பலர் மறைக்கிறார்கள்.

1985-ம் ஆண்டு போதைப் பொருள் தடைச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக் கொண்டால், உபயோகித்ததற்காகவும் சிறு அளவு வைத்திருந்ததற்காகவும் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. ஆனால் சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும். பாதியில் ஓடினால் இந்தப் பாதுகாப்பு போய் விடும். விற்கிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இந்தப் பிரிவு தெரியாமல் எத்தனையோ தாய்மார்கள் பீரோவைப் பூட்டிக் கொண்டு அழுகிறார்கள்.

நம் ஊரில் எங்கே போவது?

கடலூர்க்காரர்கள் முதலில் அரசு தலைமை ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். சிதம்பரம்காரர்களுக்கு அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா என்று பெயர் பெற்றிருந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

அடுத்தது புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். போதை சிகிச்சைக்காக மத்திய அரசு வளர்த்த பெரிய மையங்களில் அது ஒன்று. எல்லை தாண்டி பாட்டில் வாங்கப் போகிற அதே ரோட்டில்தான் அதை விடுவதற்கான ஆஸ்பத்திரியும் இருக்கிறது!

தமிழக அரசு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் தொடங்கியது. ஆலோசனைக்குக் காசில்லாமல் பேச 14446 என்ற மத்திய அரசு நம்பர் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூச்சு திணறினால்...

ஊசிப் பழக்கம் உள்ளவர் எழுப்பியும் எழவில்லை. கண்ணின் பாப்பா ஊசி முனை போலச் சிறுத்திருக்கிறது. குறட்டை போல இழுத்து இழுத்து மூச்சு வருகிறது. உதடு நீலம். இதெல்லாம் இருந்தால் "தூங்கட்டும்" என்று விடாதீர்கள்!

உடனே 108-க்குப் போன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்ற வேண்டாம். என்ன போட்டார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நலாக்சோன் என்ற ஊசி போட்டால் அபின் வகையின் பிடி தளர்ந்து மூச்சு திரும்பும். மானம் பார்த்து மறைத்தால் அந்த ஊசி போட டாக்டருக்குத் தோன்றாமல் போகலாம்.

வீட்டுக்காரர்களுக்கு

வந்தவரிடம் மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் திருடனைப் போலப் பையைத் துழாவிக் கொண்டும் இருக்காதீர்கள். டாக்டர் சொன்ன தேதியில் யாராவது ஒருவர் கூடப் போங்கள். மாத்திரை நிறுத்துவது டாக்டர் முடிவு.

மறுபடி தொட்டு விட்டால், "போச்சு, எல்லாம் போச்சு" என்று கதவைச் சாத்தாதீர்கள். அன்றைக்கே, முடிந்தால் அடுத்த பஸ்சிலேயே, அழைத்துப் போங்கள். ஒரு முறை தவறியதும் திரும்பி வந்தவருக்கும், அவமானத்தில் ஒளிந்து கொண்டவருக்கும் இடையில்தான் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. திருந்தி வந்தவனுக்கு வேலை கொடுக்கத் தயங்குவீர்கள். கல்லாவில் உட்கார வைக்க வேண்டாம். மூட்டை தூக்க, சாமான் அடுக்க, டெலிவரிக்குப் போக வைக்கலாமே! காலையில் எழுந்து போக ஒரு இடம் இருப்பவன் பழைய முக்கில் போய் நிற்பது குறைவு. வியட்நாம் சிப்பாய்களுக்கு அமெரிக்காவில் கிடைத்தது அதுதான். முதுநகர்ப் பையனுக்கும் சிதம்பரம் பையனுக்கும் அதைக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

ஒரு மாதச் சிகிச்சைக்கு நகையை விற்றுச் செலவு செய்கிற குடும்பங்கள் ஒரு வருஷக் கவனிப்புக்கும் சேர்த்துத் திட்டம் போடட்டும். மருந்தும் வேலையும் கூட ஒரு ஆளும் இருந்தால் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். அதற்குத்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம்!